நோயாளியின் தமிழும் மருந்தகத்தின் தமிழும்

'மருந்தகம்' என்னும் சொல்லிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரில் தமிழ் பயின்ற மாணவருக்கு இச்சொல்லில் ஐயம் எழுவதில்லை. மருத்துவர் அமர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் இடம் மருந்தகம். அரசு சார்பில் நடைபெறும் பெரிய இடம் பலதுறை மருந்தகம். செய்தித்தாளும் வானொலியும் அறிவிப்புப் பலகையும் இப்பொருளிலேயே இச்சொல்லை ஆள்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த ஒருவருக்கோ மருந்தகம் என்பது மருந்து விற்கும் கடை. அங்கு 2014இல் தொடங்கப்பட்ட அம்மா மருந்தகங்களும் 2025இல் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் மருந்துக் கடைகளே. நோய் பார்க்க அவர் செல்லுமிடம் 'ஆஸ்பத்திரி', எழுத்தில் மருத்துவமனை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், உட்லண்ட்ஸ் வட்டாரத்துத் தங்கும் விடுதி ஒன்றில் காய்ச்சலோடு படுத்திருந்த ஓர் இளைஞரிடம், "மருந்தகத்துக்குப் போய் வந்தீர்களா?" என்று கேட்டோம். "போயிட்டு வந்துட்டேன் ஐயா, மாத்திரையும் வாங்கிட்டேன்" என்றார். மருத்துவரைப் பார்த்துவிட்டார் எனக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தோம். அவர் போய் வந்தது விடுதியின் வாயிலில் இருந்த மளிகைக் கடைக்கு. வாங்கியது காய்ச்சலுக்கான சாதாரண மாத்திரை. நான்காம் நாள் அவரை மருத்துவமனையில் சேர்த்தனர். டெங்கிக் காய்ச்சல். நல்வாய்ப்பாக அவர் தேறினார். ஆயினும், அன்றே மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டியவரைக் கட்டிலிலேயே விட்டுவந்தோம் என்னும் உறுத்தல் நமக்கு இன்றளவும் உண்டு.

அன்று அங்கே ஆங்கிலம் குறுக்கிடவில்லை. கேட்டவரும் தமிழர், விடை சொன்னவரும் தமிழர். கேள்வி பிழையற்ற தமிழ். விடையும் உண்மையான விடை. அயல்நாட்டில் வாழும் ஒருவரின் மருத்துவத்தில் மொழி இடர் என்று பேசத் தொடங்கினால், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே உள்ள அகழியைத்தான் எல்லாரும் சுட்டிக்காட்டுவர். அதைவிடக் குறுகலான, அதனாலேயே கண்ணுக்குப் புலப்படாத பள்ளம் ஒன்று தமிழுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

உட்லண்ட்ஸ் இத்தீவின் வட எல்லை. நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாரு. இடையே 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம். மார்சிலிங்கில் ஸ்ரீ சிவ கிருஷ்ணர் ஆலயம், அடுக்குமாடி வீடுகள், பள்ளிகள் என ஒரு பக்கம். தொழிற்பேட்டைகள், அவற்றின் ஓரமாகத் தங்கும் விடுதிகள் என மறுபக்கம். புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருவாரூர்ப் பகுதிகளிலிருந்து வந்த இளைஞர்கள் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்து இங்கே தங்கியிருக்கின்றனர். வங்காளதேசத்தவரும் சீனரும் மியன்மார் நாட்டவரும் அடுத்த அறைகளில் உள்ளனர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இவ்வட்டாரத்துப் பேருந்து நிறுத்தங்களில் நின்று செவிமடுத்தால், தமிழின் வட்டார வழக்குகளைக் களஆய்வு செய்ய ஊர் ஊராக அலைந்த நம் இளமைக் காலம் வீண்போயிற்றோ என்று தோன்றும்.

இவர்களுடைய மருத்துவ ஏற்பாடு கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. மாற்றத்திற்குக் காரணமான நிகழ்வை எல்லாரும் அறிவர். 2020 ஏப்ரல் முதல் தங்கும் விடுதிகளில் கொவிட்-19 பரவியது. அவ்வாண்டு டிசம்பர் நடுப்பகுதியில் வெளியான அரசுக் கணக்கின்படி, விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 323,000 பேரில் 54,505 பேருக்கு நேரடிப் பரிசோதனையில் தொற்று உறுதியாகியிருந்தது. மேலும் 98,289 பேருக்கு முன்னரே தொற்று ஏற்பட்டிருந்ததை இரத்தப் பரிசோதனை காட்டியது. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ பாதிப்பேர். அந்நாள்களில் வங்காள மொழி அறிந்த ஓர் இளம் மருத்துவப் பட்டதாரி, மருத்துவர்களுக்கு உதவும் மொழிபெயர்ப்பு இணையத்தளம் ஒன்றைத் தாமே முயன்று உருவாக்கியது செய்திகளில் வந்தது. வங்காளம் இங்கு ஆட்சிமொழி அன்று. ஆகவே அதன் இன்மை உடனே புலப்பட்டது. தமிழ் ஆட்சிமொழி. தமிழில் அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. தமிழ் பேசும் தாதியரும் மருத்துவரும் இருந்தனர். ஆகவே தமிழில் குறை இருக்கக்கூடும் என்று எவரும் ஐயுறவில்லை.

2022 ஏப்ரல் முதல், விடுதிகளில் தங்குவோருக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை, பதப்படுத்தல் துறைகளில் வேலை அனுமதிச்சீட்டில் பணிபுரிவோருக்கும் முதலாளிகள் அடிப்படை மருத்துவத் திட்டம் ஒன்றை வாங்கித் தருவது கட்டாயமாயிற்று. தீவு ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் மருத்துவ நிலையங்கள் அமைந்தன; தொலைபேசித் திரை வழியாக மருத்துவரைப் பார்க்கும் வசதியும் உண்டு. மருத்துவமனைச் செலவுக்கான காப்புறுதியின் குறைந்த அளவு 15,000 வெள்ளியாக இருந்தது; 2023 ஜூலை முதல் அது 60,000 வெள்ளி. 2024இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் மருத்துவமனையும் இப்போது அண்மையில் இருக்கிறது. இவற்றுக்கு வெளியே தொண்டமைப்புகளும் உள்ளன. 2006இல் தோன்றிய ஹெல்த்சர்வ் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்க்கிறது. லிட்டில் இந்தியாவில் கஃப் சாலைத் திட்டம் 2008 முதல், காயமுற்று வேலையின்றி இழப்பீட்டுக்குக் காத்திருப்போருக்கு இலவச உணவு வழங்கி வந்திருக்கிறது.

கட்டடம் உண்டு, காப்புறுதி உண்டு, மருத்துவர் உண்டு. இனி எஞ்சுவது, நோயாளி வாயைத் திறந்து சொல்வதும் அது மருத்துவரின் செவிக்குப் போய்ச் சேர்வதும்தான்.

1959இல் சார்லஸ் ஃபெர்குசன் எழுதிய கட்டுரைக்குப் பின், ஒரு மொழிச் சமூகத்தில் உயர்வழக்கும் தாழ்வழக்கும் வெவ்வேறு பணிகளுக்குப் பயன்படும் நிலையை மொழியியலார் 'இரட்டை வழக்கு' எனக் குறித்தனர். அவர் விரிவாக ஆராய்ந்த நான்கனுள் தமிழ் இல்லை. அரபும் கிரேக்கமும் சுவிட்சர்லாந்து ஜெர்மனும் ஹெயிட்டி நாட்டு மொழியுமே அவை. தமிழையும் அவற்றோடு சேர்த்து எண்ணுவதே பின்னர் வழக்கமாயிற்று. உட்லண்ட்ஸ் மருத்துவ அறையில் நாம் கண்டது இரண்டோடு நிற்கவில்லை. சுவரொட்டியில் இருக்கும் அலுவல் தமிழ் ஒன்று. நோயாளி ஊரிலிருந்து கொண்டுவந்த பேச்சுத் தமிழ் மற்றொன்று. இங்கேயே பிறந்து, வீட்டில் பாதி ஆங்கிலமும் பள்ளியில் பாடத் தமிழும் பயின்ற இளம் தாதியின் தமிழ் மூன்றாவது. மூவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டதாகவே நினைக்கின்றனர்.

'தாதி' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளில் அது மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்கும் மதிப்புள்ள சொல். தமிழ்நாட்டில் எழுத்துக்குச் செவிலியர், பேச்சுக்கு நர்சு. தாதி என்பது அரண்மனைக் கதைகளில் வரும் பணிப்பெண். 'ஊழியர்' என்பதும் அத்தகையதே. "எங்க ஊர்ல ஊழியர்னா கவர்மெண்டு சம்பளம் வாங்குற ஆளுங்க ஐயா" என்று ஒருவர் நம்மிடம் சொல்லிச் சிரித்தார். இவை தீங்கற்ற வேறுபாடுகள். உடலைப் பற்றிய சொற்களுக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகிறது.

தமிழில் 'கை' தோளிலிருந்து விரல்நுனி வரை செல்லும். 'கால்' தொடையிலிருந்து பாதம் வரை. ஆங்கிலம் இவற்றை இரண்டிரண்டாகக் கூறுபோட்டுப் பேசுகிறது. தமிழில் சொல்லில்லை என்பதன்று. முழங்கை, மணிக்கட்டு, புறங்கை, உள்ளங்கை, கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் என நுட்பமான பெயர்கள் நிறைய உண்டு. ஆயினும் "எங்கே வலிக்கிறது?" என்றால் இயல்பாக வரும் முதல் விடை "கால்ல" என்பதே. அதை அப்படியே பெயர்த்துவிட்டு அமைதியடையும் மொழிபெயர்ப்பாளர், குதிகாலில் ஏறிய ஆணியைத் தொடைக்கு ஏற்றிவிடக்கூடும்.

'இடுப்பு' இன்னும் சிக்கலானது. பாரம் தூக்குபவர் "இடுப்பு வலி" என்றால் அவர் சுட்டுவது பெரும்பாலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை. நம் மாணவர் கையாளும் அகராதிகள் இடுப்புக்குத் தரும் ஆங்கிலச் சொற்களோ உடலின் பக்கவாட்டையும் தொடை மூட்டையும் குறிப்பவை. கீழ்முதுகில் நோவு என்று வந்தவருக்குத் தொடை மூட்டில் ஊடுகதிர்ப்படம் எடுக்கச் சொன்னதை நாம் ஒருமுறை கண்டிருக்கிறோம். படத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. தெரியாதல்லவா? வலி இருந்த இடத்தை எவரும் படம் எடுக்கவில்லை. 'நெஞ்சு' அதைப் போன்றே பரந்த சொல். "நெஞ்சைக் கரிக்குது" என்பது இரைப்பையின் புளிப்பு மேலேறுவது. "நெஞ்சை அடைக்குது" என்பது இதயத்தைப் பற்றிய எச்சரிக்கையாக இருக்கலாம். இரண்டையும் 'நெஞ்சில் கோளாறு' என்று ஒரே பெட்டியில் போட்டுவிடல் ஆகாது.

வலியைச் சொல்லும் முறையிலேயே தமிழுக்குத் தனிப்போக்கு உண்டு. ஆங்கில மருத்துவம் வலியைப் பெரும்பாலும் அடைமொழிகளால் பகுக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட புகழ்பெற்ற வினாப்பட்டியலில் வலியைக் குறிக்கும் 78 சொற்கள் 20 குழுக்களாக வகுக்கப்பட்டுள்ளன. நாம் வலியை வினைகளால் சொல்கிறோம். குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, இழுக்கிறது, பிடிக்கிறது, உளைகிறது, தெறிக்கிறது. நோயாளி 'எனக்கு' என நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்க, உறுப்பே எழுவாயாகி வினைபுரிகிறது. ஒரு வினை வேறொரு வினைக்கு மாற்றாகாது. எரிவது தோலிலோ நரம்பிலோ இரைப்பையிலோ இருக்கலாம். குடைவது எலும்பிலும் மூட்டிலும் ஆழத்திலிருந்து வருவது. உளைவது நாள் முழுதும் நின்ற காலில். 'கடுப்பு' சேரும் இடத்திற்கேற்பப் பொருள் மாறும். கால்கடுப்பு களைப்பு, நீர்க்கடுப்பு சிறுநீர் கழிக்கும்போது எழும் எரிச்சல், வயிற்றுக்கடுப்பு சீதபேதியோடு வரும் முறுக்கல். மூன்றனுக்கும் மூன்று வெவ்வேறு மருத்துவம்.

இவ்வினைகளுக்குத் துணையாக இரட்டைக்கிளவிகள் வருகின்றன. தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே இவற்றைப் பற்றிப் பேசுகிறது. நம் பள்ளிகளிலும் கற்பிக்கிறோம்: நீர் சலசலவென்று ஓடியது, குழந்தை கலகலவென்று சிரித்தது. தேர்வில் சலசலவுக்கும் கலகலவுக்கும் மதிப்பெண் உண்டு. கட்டி விண்விண்ணென்று தெறிப்பதையும், விலாவில் சுருக்சுருக்கென்று குத்துவதையும், நெஞ்சு படபடவென்று அடிப்பதையும், தலை கிறுகிறுவென்று சுற்றுவதையும் எந்தப் பயிற்சித்தாளும் கேட்பதில்லை. மருத்துவருக்கு வேண்டியவை இவையே. விண்விண் என்பது சீழ் கோத்திருப்பதைச் சுட்டலாம். சுருக்சுருக் என்பது விட்டுவிட்டு வருவது. படபட என்பது இதயத்துடிப்பு.

தாதிமை பயிலும் மாணவி ஒருவர் நம்மோடு தொண்டராக வந்துகொண்டிருந்தார். நல்ல தமிழ், பேச்சுப் போட்டியில் பரிசும் பெற்றவர். ஒரு ஞாயிறு, சாரத்திலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்து இரண்டு வாரம் ஆன ஒருவர் வந்தார். "இடுப்புலேருந்து கால் வரைக்கும் மதமதன்னு இருக்கு" என்றார். மாணவி சற்றுத் தயங்கி, கால் களைப்பாக, பாரமாக இருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவரைக் குறைகூற இடமில்லை. அச்சொல்லை அவர் எங்கே கேட்டிருக்க முடியும்? மருத்துவர் தைலம் எழுதத் தொடங்கினார். மதமதப்பு என்பது களைப்பன்று, உணர்வு மங்கி மரத்துப்போதல் என்று நாம் குறுக்கிட்டோம். பேனா நின்றது. காலில் ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். சிறுநீர் தடையின்றிப் போகிறதா என்று கேட்கச் சொன்னார். முதுகெலும்பில் நரம்பு அழுந்தினால் இவ்வறிகுறிகள் தோன்றும் என்றும், சிறுநீரும் தடைப்பட்டால் ஒருநாளும் தாமதிக்கலாகாது என்றும் பின்னர் விளக்கினார். அன்று மாலையே அத்தொழிலாளி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

நோயாளி தாமே முடிவுகட்டிக்கொண்டு வரும் சொற்கள் வேறு வகை. 'வாயு', 'சூடு', 'உள்காய்ச்சல்' ஆகியவை அறிகுறிகள் அல்ல. அவை நோயாளி செய்த நோய்க்கணிப்பு. நெஞ்சு வலியோடு வருபவர் "வாயுப் பிடிப்புதான்" என்றால், அதனைக் காற்றுத் தொல்லை என்று பெயர்ப்பது அவருடைய கணிப்பை மருத்துவரின் குறிப்பேட்டில் அறிகுறியாக ஏற்றிவிடுவதாகும். எங்கே, எப்படி, எப்போது தொடங்கியது என்று அவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும். வெப்பமானி இயல்பான அளவைக் காட்டும்போது "உள்காய்ச்சல் இருக்கு" என்பவரைப் பொய் சொல்கிறார் என்று கருதுவதும் பிழை. உடல் நோவு, வாய்க்கசப்பு, சோர்வு ஆகியவற்றை அவர் அச்சொல்லால் தொகுத்துரைக்கிறார்.

"எப்படி இருக்கிறது?" என்னும் வினாவுக்கு நாம் மிகுதியாகக் கேட்ட விடை 'பரவாயில்லை'. பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்து தமிழோடு கலந்த சொல் இது. 'கவலை இல்லை' என்பது அடிப்படைப் பொருள். குணமாகிவிட்டது, நேற்றைவிடக் குறைவு, இன்னும் வலிக்கிறது ஆனால் பொறுத்துக்கொள்கிறேன், உங்களுக்குச் சிரமம் தர விரும்பவில்லை: இத்தனையும் அதனுள் அடங்கும். எது என்பதைக் குரலும் முகமும் சொல்லும். தாளில் ஏறும் ஆங்கிலச் சொல் சொல்லாது. வேலை அனுமதிச்சீட்டு முதலாளியைச் சார்ந்தது. ஊரில் கடன் இருக்கும். கூடுதல் நேர வேலையை நம்பியே வருமானம் இருக்கும். இவற்றை எண்ணிப் பார்த்தால், பரவாயில்லை என்பது பண்பாட்டு அடக்கம் மட்டும் அன்று, கணக்கும்தான் என்பது விளங்கும். நாமும் தொடக்கத்தில் அதை 'நன்றாக இருக்கிறாராம்' என்று பெயர்த்துக்கொண்டிருந்தோம். எத்தனைபேருக்கு அதனால் ஓய்வுநாள் குறைந்ததோ!

எதிர்மறை வினாக்கள் மற்றொரு கண்ணி. "வலி இல்லையா?" என்றால், வலியில்லாத தமிழர் "ஆமா" என்பார், கேட்பவர் கூற்றோடு உடன்படுகிறார். ஆங்கிலத்தில் அதே நிலையில் 'இல்லை' என்பதே விடை. ஆங்கிலத்திலேயே சிந்திக்கப் பழகிய இளம் மொழிபெயர்ப்பாளர் 'ஆமா'வைக் கேட்டதும் வலி உண்டு என்று எழுதுவார். சில வேளை மறுதலையாகவும் நேரும். எதிர்மறையில் கேட்காமல் இருப்பதே எளிய தீர்வு. "வலி இருக்கிறதா?"

வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கும் வழக்கமும் இங்கே இடறுகிறது. பத்துக்கு எவ்வளவு என்றால் பள்ளிக்கூடத்து மதிப்பெண்ணே நினைவுக்கு வருகிறது. ஒன்பது என்றால் நல்லது என்று எண்ணி, தேறிவரும் ஒருவர் பெருமையோடு "ஒன்பது" என்றதை நாம் கேட்டோம். நம் பேச்சில் பின்னங்கள் இயல்பாக வாழ்கின்றன. "முன்ன இருந்ததுல எவ்வளவு குறைஞ்சிருக்கு? கால்வாசியா, பாதியா, முக்கால்வாசியா?" என்று கேட்டால் தயக்கமின்றித் தெளிவான விடை வருகிறது. அதை எண்ணாக மாற்றி மருத்துவரிடம் சொல்வது நம் வேலை.

மருந்துண்ணும் நேரத்தையும் சொல்லியாக வேண்டும். 'சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை' என்பது உறைமேல் எழுதப்படும் எளிய தொடர். சாப்பாடு என்பது பலருக்குச் சோறு. காலையில் தின்ற ரொட்டியும் இட்லியும் சாப்பாட்டில் சேராது, அது பலகாரம். காலையும் பகலும் உண்ணவேண்டிய பொட்டலங்கள் விடியுமுன்னரே விடுதிக்கு வந்துவிடுவதும், இரவு வேலைக்காரருக்கு வேளைகளே தலைகீழாக இருப்பதும் இதனோடு சேரும். மணியைக் குறிப்பிட்டுச் சொல்வதே நலம். "பத்தியம் ஏதும் உண்டா?" என்று அவர் கட்டாயம் கேட்பார். மருத்துவர் 'இல்லை' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டால், மருந்தே வலுவில்லாதது போலும் என்று ஐயுறுபவர் உண்டு.

காயம் பற்றிய பேச்சில் இலக்கணம் நேரே பணத்தோடு மோதுகிறது. தமிழில் "கை மாட்டிக்கிச்சு", "அடிபட்டிருச்சு", "பலகை சறுக்கிருச்சு" என்கிறோம். செய்தவர் எவர் என்று அவ்வாக்கியங்கள் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் எழுவாய் தேடி, 'இவர் தம் கையை இயந்திரத்துக்குள் விட்டுக்கொண்டார்' என்று எழுதிவிடுவது எளிது. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி இழப்பீடு கோர, முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வேலையின்போது வேலையால் நேர்ந்த காயம் என்பதே தேவை. ஆகவே முதல்நாள் மருத்துவக் குறிப்பில் 'வேலையிடத்தில்' என்பது பதிவாவது முதன்மையானது. "ரெண்டு நாளா வலி" என்று நோயாளி தொடங்கினால், அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்காமல் விடக்கூடாது. வெளிநோயாளியாகப் பெறும் மருத்துவ விடுப்பில் முதல் 14 நாள்களுக்கு முழுச் சம்பளமும், மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாள்களுக்கு முழுச் சம்பளமும், அதன்பின் ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கும் தரப்பட வேண்டும் என்பது விதி. 2020 செப்டம்பர் முதல், காயத்தின் பொருட்டு 'இலேசான வேலை' தரப்படும் நாள்களும் இக்கணக்கில் சேரும். தொழிலாளிக்கு இச்சொற்கள் 'எம்சி', 'லைட் டியூட்டி' என்றே தெரியும். அவற்றைத் தூய தமிழாக்கிச் சொல்லிக் குழப்ப வேண்டா. நாம் தனித்தமிழில் பற்றுள்ளவரே. ஆயினும் வலியோடு இருப்பவரிடம் 'மருத்துவ விடுப்புச் சான்றிதழ்' என்று சொல்லிப் பார்த்து, அவர் விழித்ததைக் கண்ட பின் மனம் மாறினோம்.

மருத்துவரின் தமிழுக்கு நெடிய வரலாறு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களைத் தமிழாக்கிக் கலைச்சொற்களையும் வகுத்தார். அதன்பின் கலைச்சொல் ஆக்கத்தில் நாம் ஓயவில்லை. நோயாளியின் தமிழைத் தொகுப்பதில் அத்தகைய ஊக்கத்தைக் காணோம். அது படைக்க வேண்டிய தமிழன்று, ஏற்கெனவே இருப்பது. அதனாலேயே எவரும் பொருட்படுத்தவில்லை போலும்.

சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை மீளாய்வு செய்த குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் தரப் பரிந்துரைத்தது. வாயில் இருந்த தடை அன்றே நீங்கிற்று. இனி நாம் கற்பிக்கும் பேச்சுத் தமிழ், கடையிலும் பேருந்திலும் பேசும் மெருகிட்ட உரையாடலோடு நின்றுவிடாமல், உடலைப் பற்றியும் பேச வேண்டும். கேட்டல் பயிற்சிக்குச் செய்தி வாசிப்பாளரின் குரல் மட்டும் போதாது. புதுக்கோட்டைக்காரர் தம் முதுகுவலியைச் சொல்லும் குரலும் வேண்டும். மாணவர் இச்சொற்களைத் தம் பாட்டியிடம் கேட்டுத் தொகுக்கலாம். உட்லண்ட்ஸ் விடுதியில் நாம் கேட்ட சொற்களில் பல, சிராங்கூன் சாலைப் பக்கம் பிறந்து வளர்ந்த மூதாட்டிகள் வாயிலும் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் வரைதான் அவை வந்து சேரவில்லை.

அம்மாணவி அடுத்த ஞாயிறும் வந்தார், கையில் ஒரு குறிப்பேட்டுடன். முதல் பக்கத்தில் மதமதப்பு. அன்று முதலில் வந்தவர் திருவாரூர்க்காரர். "இடுப்பு புடிச்சுக்கிச்சும்மா" என்றார். மாணவி உடனே பெயர்க்கவில்லை. "எந்த இடம் அண்ணே? கையை வெச்சுக் காட்டுங்க" என்றார். அவர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து, மருத்துவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சட்டையைத் தூக்கிக் கட்டைவிரலை ஓரிடத்தில் ஊன்றினார்.